டென்ஸ் மெஷின் வாங்கலாமா? கால் எரிச்சலில் தூக்கமே போச்சு

பனையேறி | இரவு 2:14

வணக்கம். ஒரு வருடமாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது இன்றுதான் முதல் தடவை. ஊர் சாயல்குடி பக்கம். ஆறு வருடத்துக்கு முன் பனையிலிருந்து விழுந்து தண்டுவடத்தில் டி10 (நெஞ்சுப் பகுதியின் பத்தாவது மட்டம்) போய்விட்டது, கம்ப்ளீட், அதாவது முழுசாக என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தொப்புளுக்குக் கீழே தொட்டால் தெரியாது, கிள்ளினால் தெரியாது, ஆனால் எரிவது மட்டும் நன்றாகத் தெரிகிறது! இரண்டு பாதமும் மத்தியான வெயிலில் தேரி மணலில் நிற்கிற மாதிரி. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடிய விடிய. இடுப்பைச் சுற்றி வேறு ஒரு இறுக்கம், பனையேறுகிற தளைநாரை இடுப்பில் மாட்டி இழுத்த மாதிரி.

பிரீகாபலின் 150 காலையும் இரவும், அமிட்ரிப்டிலின் 10 படுக்கும்போது. முன்பெல்லாம் எரிச்சல் பத்துக்கு 8லிருந்து 6க்கு வரும், அதற்குக் கூலியாகப் பகலெல்லாம் தலை கிறுகிறு என்று இருக்கும். போனில் ஒரு விளம்பரம் விடாமல் வருகிறது, டென்ஸ் மெஷின், தோலில் பேட் ஒட்டி லேசாகக் கரண்ட் கொடுக்கிறது, 2,800 ரூபாய், நரம்பு வலி ஏழே நாளில் காலி என்று போட்டிருக்கிறான். துபாயில் இருக்கிற மச்சான் பணம் போடுகிறேன் என்கிறான். வாங்கலாமா? யாராவது வைத்துப் பார்த்தவர்கள் உண்டா?

நாலுசக்கரம் (குழு மேற்பார்வை) | காலை 6:02

வாங்க தம்பி. நான் டி6, பதினெட்டு வருடம். ஏழு நாளில் காலி என்று எவன் சொன்னாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள், ஏழு நாளில் காலியாவது பணம்தான்.

மெஷின் இருக்கட்டும். எனக்கு முதலில் சில விஷயம் தெரிய வேண்டும். எரிச்சல் ஆறு வருடமாகவே இப்படியா, சமீபத்தில் ஏறியதா? யூரின் டெஸ்ட் கடைசியாக எப்போது? மோஷன் ஒழுங்காகப் போகிறதா? பின்பக்கம் கண்ணாடி வைத்துப் பார்த்தீர்களா, புண் ஏதும்? இதையெல்லாம் ஏன் கேட்கிறேன் என்றால், நமக்கு மூத்திரத்தில் கிருமி வந்தால் எரிச்சலாகவோ அடைப்பாகவோ தெரியாது, கால் எரிச்சல் இரண்டு மடங்காகும், அவ்வளவுதான் சிக்னல். மலச்சிக்கலும் அப்படித்தான். எனக்கு ஒருமுறை மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனார்கள், கடைசியில் பார்த்தால் கால் கட்டைவிரல் நகம் உள்ளே வளர்ந்து சீழ் வைத்திருந்தது.

இன்னொன்று. இத்தனை வருடம் கழித்து வலி புதிதாக மேலே ஏறினாலோ, கையில் மரத்துப்போவது தொடங்கினாலோ தள்ளிப்போடாமல் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். தண்டுவடத்துக்குள் நீர்ப்பை கட்டுவது உண்டு, சிரிங்ஸ் என்பார்கள்.

பனையேறி | காலை 7:40

அண்ணா, எரிச்சல் விழுந்த மூன்றாம் மாதத்திலிருந்தே உண்டு, இந்த நாலு மாதமாகக் கூடுதல். புண் இல்லை. யூரின் டெஸ்ட் எடுத்து ஒரு வருடம் ஆகப்போகிறது (திட்டாதீர்கள்). கையில் மரப்பு இல்லை, ஆனால் வலது தோள்பட்டை செம வலி. எங்கள் தெருவில் மணல், வீல்சேரைத் தள்ளித் தள்ளித் தோளே கழன்றுவிடும் போல இருக்கிறது. கட்டிலுக்கு ஏறும்போது உயிர் போகிறது. அதையும் நரம்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒயர்மேன் | காலை 8:15

கரண்ட் அடித்துத்தான் கம்பத்திலிருந்து விழுந்தேன். அதே கரண்ட்டை இடுப்பில் வைத்துக்கொள் வலி போகும் என்று டாக்டர் சொன்னபோது என் பெண்டாட்டி அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். கதை பெரிது, மத்தியானம் எழுதுகிறேன்.

பிசியோ_திருச்சி | காலை 10:31

நான் பிசியோதெரபிஸ்ட், தண்டுவடக் காயக்காரர்களோடு பதினோரு வருடமாக வேலை. தம்பி, உங்களுக்கு ஒரு வலி இல்லை, மூன்று வலி. அதைப் பிரிக்காமல் எந்த மெஷின் வாங்கினாலும் குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான்.

தோள்பட்டை நரம்பு வலி இல்லை, தசையும் ஜவ்வும் தேய்கிற வலி. தோள் நடப்பதற்காகப் படைக்கப்பட்டதில்லை, நீங்கள் அதை வைத்துத்தான் நடக்கிறீர்கள். இதில் டென்ஸ் ஓரளவு கைகொடுக்கும், கூடவே பயிற்சியும் கட்டிலுக்கு மாறுகிற முறையை மாற்றுவதும் வேண்டும். இரண்டாவது, இடுப்பைச் சுற்றி இறுக்குவது. அது காயம்பட்ட மட்டத்திலேயே வருகிற நரம்பு வலி. அந்தப் பட்டையின் மேல் விளிம்பில் உங்களுக்கு உணர்வு கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதனால் முயன்று பார்க்கலாம். மூன்றாவதுதான் பாத எரிச்சல், காயத்துக்குக் கீழே வருவது. மூன்றிலும் பொல்லாதது இதுதான்.

டென்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும். முழங்காலை இடித்துக்கொண்டால் உடனே கை போய்த் தேய்க்கிறது இல்லையா? தேய்க்கிற உணர்வும் வலியும் தண்டுவடத்தின் ஒரே வாசலில்தான் வந்து நிற்கின்றன. தேய்ப்பு முந்திக்கொண்டால் வலிக்குக் கதவு பாதி சாத்தப்படும். டென்ஸ் தருகிற குறுகுறுப்பு அந்தத் தேய்ப்பின் வேலையைச் செய்கிறது. இப்போது யோசியுங்கள், உங்கள் பாதத்தில் பேட் ஒட்டினால் அந்தக் குறுகுறுப்பு டி10ஐத் தாண்டி மேலே வருமா? வராது. எரிச்சலும் பாதத்திலிருந்து வருவதில்லை. அறுந்த இடத்துக்கு மேலே இருக்கிற தண்டுவடமும் மூளையும், கீழிருந்து சேதியே வராததால் தாமாகச் சத்தம் போட்டுக்கொள்கின்றன. லைன் கட்டான ரேடியோ கரகரக்கிற மாதிரி.

அதனால் பாதத்தில் ஒட்டாதீர்கள். அதைவிட முக்கியம், உணர்வில்லாத தோலில் பேட் வைத்தால் சுடுவது தெரியாது.

மல்லிகைப்பூ | காலை 11:05

பிசியோ மேடம் கடைசியாகச் சொன்னது எங்கள் வீட்டில் நடந்தது. என் வீட்டுக்காரர் டி12. ஒரு சென்டரில் தொடையில் பேட் ஒட்டி நாற்பது நிமிடம் கரண்ட் வைத்துவிட்டு அந்தப் பையன் போன் பேசப் போய்விட்டான். பேட் பழசு, ஓரம் காய்ந்து தூக்கிக்கொண்டு ஒரு மூலை மட்டும்தான் ஒட்டியிருந்தது. கழற்றும்போது ஐந்து ரூபாய்க் காசு அளவில் சிவப்பு. ஒன்றும் ஆகாது என்றார்கள். மூன்றாம் நாள் கொப்புளம், பத்தாம் நாள் கறுத்துவிட்டது, ஆற நாலு மாதம். நாலு மாதமும் குப்புறப் படுக்கை. அவருக்கு அன்றும் வலிக்கவில்லை, இன்றும் வலிக்கவில்லை, தினமும் டிரஸ்ஸிங் செய்த எனக்குத்தான் தெரியும்.

பிசியோ_திருச்சி | காலை 11:20

அக்கா, அந்தப் பையன் செய்தது மன்னிக்க முடியாத கவனக்குறைவு. பேட்டின் ஒரு மூலை மட்டும் ஒட்டியிருந்தால் மொத்தக் கரண்ட்டும் அந்தச் சின்ன இடம் வழியாகத்தான் போகும், அதனால்தான் சுடுகிறது. ஜெல் காய்ந்த பேட்டைத் தண்ணீர் தொட்டு ஒட்டி ஒட்டி ஓட்டுவது நம் ஊரில் சகஜம். என் சென்டரிலும் முன்பு செய்திருக்கிறோம், பொய் சொல்ல மாட்டேன்.

சி6_சிங்கம் | மதியம் 12:48

குரலில் சொல்லி டைப் ஆகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டி6லோ அதற்கு மேலேயோ காயம் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு மெஷின் வாங்கப் போனால் ஒரு நிமிடம் நில்லுங்கள். எனக்கு சி6, கழுத்துப் பகுதி. காலில் இறுக்கம் குறையட்டும் என்று ஒருமுறை கரண்ட் வைத்தார்கள். ஐந்தாவது நிமிடம் பின்மண்டை வெடிக்கிற மாதிரி தலைவலி, முகமெல்லாம் சிவந்து, நெற்றியிலிருந்து வியர்வை சொட்டுகிறது, கீழே உடம்பு ஜில்லென்று இருக்கிறது. எனக்கு எப்போதும் பிபி 100ஐத் தாண்டாது, அன்று 180. அங்கே இருந்தவர் பயந்துபோய்ப் படுக்க வைக்கப் பார்த்தார். படுக்கவே வைக்கக் கூடாது! உட்கார வைக்க வேண்டும், அப்போதுதான் பிபி இறங்கும். நல்லவேளை அம்மா கூட இருந்தாள், பேட்டைப் பிடுங்கிவிட்டு, என்னை நிமிர்த்தி, மூத்திரக் கதீட்டர் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். மடங்கித்தான் இருந்தது. கரண்ட்டா டியூப்பா எது காரணம் என்று இன்றுவரை தெரியாது, இரண்டும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன்.

இப்படித் திடீரென்று பிபி ஏறுவதற்கு அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்று பேர். பேரை ஒரு சீட்டில் எழுதிச் சேரில் மாட்டி வைத்திருக்கிறேன், ஏனென்றால் பாதி இடத்தில் நாம்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒயர்மேன் | மதியம் 2:30

சரி, என் கதை. எனக்கு எல்1 (இடுப்புப் பகுதி), இன்கம்ப்ளீட், அதாவது முழுசாக அறுபடவில்லை, வாக்கர் பிடித்துக் கொஞ்சம் நடப்பேன். இடது காலில் ஷாக் அடிக்கிற மாதிரி வலி, பாருங்கள் விதியை. மாத்திரை எல்லாம் முடிந்து ஸ்பைனல் கார்டு ஸ்டிமுலேட்டர் பார்க்கலாம் என்றார்கள். முதுகெலும்புக்குள், தண்டுவட உறைக்கு வெளியே, மெல்லிய ஒயர் ஒன்றை ஊசி வழியாக ஏற்றுவார்கள். நிரந்தரமாக வைப்பதற்கு முன் ஒரு வாரம் ட்ரையல், பேட்டரி வெளியே பெல்ட்டில் தொங்கும். வலி பாதியாகக் குறைந்தால்தான் உள்ளே வைப்பது, இல்லையென்றால் உருவிவிடுவது.

முதல் இரண்டு நாள் சொர்க்கம். கால் முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுப்பு, அதற்கு அடியில் வலி எங்கேயோ போய்விட்டது. ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கினேன், விழுந்த பிறகு முதல் தடவை. மூன்றாம் நாள் கட்டிலில் புரண்டு படுத்தேன், குறுகுறுப்பு காலை விட்டு விலாவுக்குப் போய்விட்டது. ஒயர் அரை இன்ச் நகர்ந்தாலும் அப்படித்தானாம். ரிமோட்டில் மாற்றி மாற்றி வைத்தார்கள், 8 இருந்தது 6 வரை வந்தது, அதற்குக் கீழே இறங்கவில்லை. ஏழாம் நாள் உருவிவிட்டார்கள். நிரந்தரமாக வைக்கப் பல லட்சம், தம்பி நிலத்தை அடகு வைக்கத் தயாராக இருந்தான். உருவினதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த டாக்டர் நினைத்திருந்தால் 6க்கே பரவாயில்லை என்று வைத்துவிட்டிருக்கலாம், வைக்கவில்லை, அந்த மனுசனுக்குப் புண்ணியம்.

கணக்குவாத்தியார் | மாலை 4:10

ஒயர்மேனின் ட்ரையலுக்கும் தம்பியின் டென்ஸ் மெஷினுக்கும் ஒரே தாத்தாதான். பிசியோ மேடம் சொன்ன அந்தக் கதவுக் கதை 1965ல் மெல்சாக், வால் என்ற இருவர் எழுதியது. அதை நம்பி 1967ல் அமெரிக்காவில் நார்மன் ஷீலி என்ற டாக்டர் ஒரு புற்றுநோயாளியின் தண்டுவடத்தில் முதல் ஸ்டிமுலேட்டரை வைத்தார். பிறகு, ஆபரேஷனுக்கு முன் யாருக்குக் கரண்ட் ஒத்துப்போகிறது என்று பார்க்கத் தோலுக்கு மேலே ஒரு மெஷினை வைத்துச் சோதித்தார்கள். சோதிக்க வந்த மெஷினே சிலருக்குப் போதுமானதாக இருந்தது, அதுதான் டென்ஸ். (இதெல்லாம் புதுசு என்று நினைக்காதீர்கள், ரோமாபுரியில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர் கீல்வாதக்காரனை ஷாக் அடிக்கிற திருக்கை மீன் மேல் கால் வைத்து நிற்கச் சொன்னார், முதல் நூற்றாண்டில்.)

இப்போது கசப்பான செய்தி. முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் போகாத கால்வலிக்கு ஸ்டிமுலேட்டர் நன்றாக வேலை செய்ததாக ஆய்வுகள் உண்டு. தண்டுவடம் முழுசாக அறுந்தவர்களுக்குக் காயத்துக்குக் கீழே உள்ள எரிச்சலுக்கு அது பெரும்பாலும் பலன் தருவதில்லை. காரணம் எளிது. காலிலிருந்து மேலே வருகிற பின்பக்க நரம்பிழைகள் அறுந்துவிட்டால், அறுந்த இடத்துக்கு மேலே உள்ள மிச்சம் பட்டுப்போய்விடும். ஒயரை எங்கே வைத்தாலும் தூண்ட அங்கே ஆள் இல்லை. ஒயர்மேனுக்கு இன்கம்ப்ளீட், அதனால்தான் இரண்டு நாளாவது சொர்க்கம் தெரிந்தது.

டென்ஸுக்கு வருவோம். ஸ்வீடனில் 2009ல் தண்டுவட நரம்பு வலிக்காரர்கள் 24 பேரிடம் இரண்டு வாரம் 80 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 80 துடிப்பு), இரண்டு வாரம் 2 ஹெர்ட்ஸ் என்று கொடுத்துப் பார்த்தார்கள். சுமார் மூன்றில் ஒருவர் உதவியது என்றார்கள். கடைசியில் மெஷின் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் ஆறு பேர். 2014ல் காக்ரேன் என்ற ஆய்வு அமைப்புக்காரர்கள் மருந்தில்லாத வழிகள் பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்துவிட்டு, எதையும் உறுதியாகச் சிபாரிசு செய்ய ஆதாரம் போதாது என்று முடித்தார்கள். ஆகவே 2,800 ரூபாய்க்கு லாட்டரிச் சீட்டு வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

பிசியோ_திருச்சி | மாலை 4:52

சார், லாட்டரி என்று சொன்னது சரியில்லை. ஆயிரத்தில் ஒருவருக்கு விழுவது லாட்டரி, இது மூன்றில் ஒருவர், அதுவும் வயிற்றைப் புண்ணாக்காமல், தலை சுற்றாமல். அந்த ஆய்வு நரம்பு வலியைப் பற்றியது, தம்பியின் தோள்பட்டை அதில் சேரவே சேராது. நீங்கள் எல்லா வலியையும் ஒரே மூட்டையில் கட்டுகிறீர்கள், விளம்பரக்காரனும் அதைத்தான் செய்கிறான்.

கணக்குவாத்தியார் | மாலை 5:20

தோள்பட்டைக்கு என்றால் ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த 24 பேரில் கரண்ட் இல்லாத பொய் மெஷின் வைத்துப் பார்த்த குழு கிடையாது மேடம். மெஷின் ஒட்டினாலே பாதி வலி குறைகிறவர்கள் உண்டு. என் மாமியாருக்கு பேட்டரி தீர்ந்துபோன மெஷினிலேயே குறைந்தது.

மல்லிகைப்பூ | மாலை 5:31

குறைந்ததா இல்லையா? குறைந்தது அல்லவா, அப்புறம் என்ன சார்!

வன்னிக்காரன் | இரவு 8:03

நான் கிளிநொச்சி. 2009ல் செல் குண்டு பட்டு டி8, உடம்புக்குள்ள இன்னும் ரெண்டு மூன்று துண்டு கிடக்குது. காலுக்குள்ள நெருப்புத் தண்ணி ஓடுற மாதிரி நோ, மழை வரப்போகுதெண்டால் எனக்கு ஒரு நாள் முந்தியே தெரிஞ்சிடும். எங்கட ஆக்கள் கனபேருக்கு இதே கதைதான். என்ர கேள்வி, உடம்புக்குள்ள இரும்புத் துண்டு இருக்கிற ஆள் இந்த மிசினை வைக்கலாமோ? முள்ளந்தண்டுக்குப் பூட்டின தகடும் ஆணியும்கூட இருக்குது.

பிசியோ_திருச்சி | இரவு 8:40

அண்ணா, தகடும் ஆணியும் டென்ஸுக்குப் பெரும்பாலும் தடை இல்லை, இங்கே பாதிப் பேருக்கு முதுகில் ஸ்க்ரூ இருக்கிறது. ஆனால் துண்டு தோலுக்குப் பக்கத்தில் தட்டுப்பட்டால் அதன் மேல் பேட் ஒட்டாதீர்கள். உங்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் எம்ஆர்ஐ. யாராவது எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால் செல் துண்டு இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள், முதலில் எக்ஸ்ரேயில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் டென்ஸைத் தொடவே கூடாது. கழுத்தின் முன்பக்கம் யாருமே ஒட்டக் கூடாது.

வன்னிக்காரன் | இரவு 8:52

நன்றி தங்கச்சி. எக்ஸ்ரே பழசு ஒண்டு கிடக்குது, தேடி எடுக்கிறன்.

நிவாரணி_ஸ்டோர் | இரவு 9:30

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நாலுசக்கரம் | இரவு 9:33

தலையில் மாட்டுகிற மெஷின், தண்டுவடம் மறுபடி முளைக்கும், இன்று மட்டும் பாதி விலை என்று ஒருவர் வந்தார். அனுப்பிவிட்டேன். போன வருடம் கழுதைப்பால் விற்றதும் இதே நம்பர்தான் என்று நினைக்கிறேன்.

சி6_சிங்கம் | இரவு 9:50

ஆனால் தலையில் கரண்ட் வைப்பது என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறது அல்லவா? படித்த ஞாபகம்.

கணக்குவாத்தியார் | இரவு 10:25

இருக்கிறது, இந்த இழையில் நான் நம்பிக்கையோடு எழுதப்போவது இது ஒன்றுதான். மூளையில் உடம்பை அசைக்கிற பகுதிக்கு நேர் மேலே, மண்டைத் தோலில் ஈரப் பஞ்சு வைத்து 2 மில்லி ஆம்பியர், 20 நிமிடம். டிடிசிஎஸ் என்பார்கள். 2006ல் ஃப்ரெக்னி என்பவரின் குழு 17 தண்டுவடக் காயக்காரர்களுக்கு ஐந்து நாள் கொடுத்தது, சிலருக்குப் பொய்க் கரண்ட். நிஜக் கரண்ட் பெற்றவர்களுக்கு வலி கண்கூடாகக் குறைந்தது.

இதற்கு அடுத்தது இன்னும் சுவாரசியம். பார்சிலோனாவில் 2010ல். நோயாளியைச் சேரில் ஒரு கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைக்கிறார்கள். கண்ணாடியில் இடுப்புக்கு மேலே அவருடைய சொந்த உடம்பு தெரியும். இடுப்புக்குக் கீழே கண்ணாடி இல்லை, திரை. அதில் யாரோ ஒருவருடைய கால்கள் நடந்துகொண்டிருக்கும். இரண்டும் சரியாகப் பொருந்தும்படி வைத்துவிட்டால், தான் நடப்பதைத் தானே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருக்கும். அதைப் பார்க்கும்போதே தலையில் கரண்ட். பத்து அமர்வு. கரண்ட் மட்டும் வாங்கியவர்களைவிட, நடை மட்டும் பார்த்தவர்களைவிட, இரண்டும் சேர்ந்தவர்களுக்கு அதிகம் குறைந்தது. பன்னிரண்டு வாரம் கழித்தும் பலன் மிச்சம் இருந்தது அவர்களுக்கு மட்டும்தான்.

மேடம் சொன்ன கரகரக்கிற ரேடியோவை நினைத்துப் பாருங்கள். கீழிருந்து சேதி வராததால் மூளை சத்தம் போடுகிறது என்றால், கண் வழியாக ஒரு பொய்ச் சேதியை அனுப்பி அதைச் சமாதானப்படுத்துகிறார்கள். ஆனால் சின்ன ஆய்வுகள், அதற்கென்று பயிற்சி உள்ள இடத்தில் மட்டும்தான். வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. யூடியூப் பார்த்து வீட்டில் ஒன்பது வோல்ட் பேட்டரி வைத்துக்கொள்ளாதீர்கள், ஒயர்மேன் உங்களைத்தான் சொல்கிறேன்.

ஒயர்மேன் | இரவு 10:31

பேட்டரியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன் சார்.

மல்லிகைப்பூ | இரவு 10:44

அந்தக் கண்ணாடி விஷயம் படித்ததும் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், யாருடைய காலை வைப்பார்கள், என் கால் கொஞ்சம் உள்பக்கம் வளைந்திருக்குமே என்றார்.

பனையேறி | மறுநாள் காலை 6:15

எல்லோருக்கும் நன்றி. முதலில் யூரின் கொடுத்துவிட்டு வருகிறேன். எபிடூரல் ஸ்டிமுலேட்டர் வைத்து நடக்கிறார்கள் என்று வீடியோ வருகிறதே, அதில் வலி போகுமா?

நாலுசக்கரம் | காலை 7:10

அது வேறு கடை தம்பி. அமெரிக்காவில் லூயிவில், சுவிட்சர்லாந்தில் லோசான், இரண்டு இடத்திலும் தண்டுவடத்தின் இடுப்புப் பகுதியில் ஒயர் வைத்து, கூடவே மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, சிலரை நிற்கவும் அடியெடுத்து வைக்கவும் வைத்தார்கள். வைக்கிற இடம் வேறு, செட்டிங் வேறு, நோக்கம் வேறு. வலியைக் குறைக்க என்று அதை வைக்கவில்லை. வீடியோவில் பத்து விநாடி நடப்பார், அதற்கு முன் தொங்கவிட்ட பெல்ட்டில் எத்தனை மாதம் வியர்வை சிந்தினார் என்பது தெரியாது. கரண்ட் என்ற ஒரே சொல்லில் பத்து சமாச்சாரம் இருக்கிறது. தசையை இழுக்க வைப்பது ஒன்று, வலியை மறைப்பது ஒன்று. பிசியோ சென்டரில் உறிஞ்சிக் கப் வைப்பார்களே, ஐஎஃப்டி, அது இன்னொன்று. கடையில் டென்ஸ் கேட்டால் மசில் ஸ்டிமுலேட்டரைக் கொடுத்துவிடுவான், பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு தடவை நல்ல மறுவாழ்வு மையத்தில் காட்டிவிட்டு வாருங்கள். உங்களுக்கு வேலூர் தூரம்தான், ஆனாலும் சொல்கிறேன். பாகாயத்தில் மேரி வர்கீஸ் பெயரில் இருக்கிற நிலையம் 1966லிருந்து நம்மைப் போன்றவர்களுக்காகவே நடக்கிறது. அந்த அம்மாவே 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே போனவர், சேரில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது, உங்களுக்கு அது கிட்டம். அதை ஆரம்பித்த ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்தான்.

பனையேறி | இருபத்து நாலு நாள் கழித்து, இரவு 9:20

அப்டேட். யூரினில் கிருமி எக்கச்சக்கம், நாலுசக்கரம் அண்ணன் சொன்னது அப்படியே. ஏழு நாள் மாத்திரை, எரிச்சல் 8லிருந்து பழைய 6க்கு வந்துவிட்டது. நாலு மாதம் வீணாகப் பிரீகாபலினைத் திட்டியிருக்கிறேன்.

மெஷின் வாங்கினேன், விளம்பரத்துக்காரனிடம் இல்லை, ராமநாதபுரம் மருத்துவக் கடையில், 2,100. அங்கே ஒரு பிசியோ எங்கே ஒட்ட வேண்டும் என்று மார்க்கர் பேனாவால் தோளில் வட்டம் போட்டுக் கொடுத்தார். குளித்தால் அழிகிறது என்று அம்மா தினமும் மேலே இன்னொரு வட்டம் போடுகிறாள், இப்போது தோளில் ஒலிம்பிக் கொடி இருக்கிறது.

தோளுக்கு 100 ஹெர்ட்ஸ், அரை மணி, காலை மாலை. ஓடுகிற வரை வலி பாதி, கழற்றிய பிறகு ஒரு மணி நேரம் தாங்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் கட்டில் மாறுவது, குளிப்பது எல்லாவற்றையும் முடித்துவிடுகிறேன். இடுப்பு இறுக்கத்துக்கு, தொப்புளுக்கு நாலு விரல் மேலே, உணர்வு இருக்கிற தோலில் மட்டும் ஒட்டினேன். முதல் நாலு நாள் நன்றாகக் குறைந்தது, பிறகு அவ்வளவாக இல்லை. பாதம் எரிவது எரிந்துகொண்டேதான் இருக்கிறது.

பிசியோ_திருச்சி | இரவு 9:48

ஒலிம்பிக் கொடி! தோளுக்கு வட்டம் போட்டவருக்கு என் வணக்கம், பயிற்சியும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நாலு நாளில் பலன் குறைவது எதிர்பார்த்ததுதான். தினம் ஒரே செட்டிங் என்றால் உடம்பு பழகிவிடும். ஒரு நாள் 100, மறுநாள் 2 அல்லது 4 ஹெர்ட்ஸ் என்று மாற்றுங்கள். 4 வைக்கும்போது தசை லேசாகத் துடிக்கிற அளவுக்குக் கூட்டலாம், உடம்பு தானே சுரக்கிற வலி நிவாரணி அதில்தான் வரும் என்கிறார்கள். டிரமடால் மாதிரி ஓபியாய்டு வலி மாத்திரை நெடுநாளாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த 4 அவ்வளவாக வேலை செய்யாது, நீங்கள் சாப்பிடவில்லை அல்லவா?

பாதத்துக்கு நான் பொய் வாக்குறுதி தர மாட்டேன். பகல் மயக்கத்தைச் சொல்லி மாத்திரை அளவை டாக்டரிடம் திரும்பப் பேசுங்கள், இரவு அளவைக் கூட்டிப் பகலில் குறைக்க முடியுமா என்று கேளுங்கள், நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

கணக்குவாத்தியார் | இரவு 10:02

தோள் விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நோட்டுப் போடுங்கள் தம்பி, வைப்பதற்கு முன் எத்தனை, பின் எத்தனை, அன்று மோஷன் போனதா, எத்தனை மணி நேரத் தூக்கம். ஒரு மாதம் எழுதினால் எது மெஷினால், எது மற்றதால் என்று உங்களுக்கே பிடிபடும்.

பனையேறி | இரவு 10:15

டிரமடால் இல்லை மேடம். நோட்டு அம்மா ஏற்கெனவே போடுகிறாள், பால் கணக்கு நோட்டின் பின்பக்கம். இன்னொரு சந்தேகம், எங்கள் ஊர் உப்புக் காற்றில் வியர்த்து வியர்த்துப் பேட் அரை மணிகூட ஒட்ட மாட்டேன் என்கிறது. மேலே பிளாஸ்திரி போடலாமா?

மல்லிகைப்பூ | இரவு 10:21

ஓரம் தூக்கினால் பிளாஸ்திரி போட்டு அமுக்காதே தம்பி, கழற்றிப் புதுசு போடு. ஒட்டுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பவுடர் எண்ணெய் எதுவும் படாமல் ஒட்டு. முடி இருந்தால் கத்தரியால் வெட்டு, ஷேவ் பண்ணாதே, தோல் கீறும். கழற்றினதும் அம்மாவைப் பார்க்கச் சொல். பேட்டை அதன் பிளாஸ்டிக் தாளிலேயே திரும்ப ஒட்டி, கவரில் மூடி, ஃபிரிட்ஜ் கதவில் வை. நான் முட்டைக்குப் பக்கத்தில் வைப்பேன்.